சின்னவன் டீமில் சேர்வது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

உன் சின்னவன் அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் சேரத் துடிக்கிறான், நீங்க சொன்னா கேப்பான், வேண்டாம்னு சொல்லுங்கப்பா என்றாய். போனில் மழுப்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் பயம் தப்பில்லை. 1905-இல் உங்கள் அமெரிக்காவில் ஒரே சீசனில் ஏறக்குறைய 18 பையன்கள் இந்த ஆட்டத்தில் செத்துப்போனார்கள். ரூஸ்வெல்ட் ஜனாதிபதியே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறுவருஷம் விதி மாறியது. பந்தை முன்பக்கம் எறியலாம் என்று ஆனது. அதுவரை கும்பலாகப் போய் மோதுவதே ஆட்டம். நம் சடுகுடுவில் ஏழு பேரும் சேர்ந்து ரெய்டு போனால் எப்படி இருக்கும், அப்படி.

நான் வந்திருந்தபோது கார்லைலுக்குக் கூட்டிப்போனாயே, ரோட்டோரம் வெள்ளைக் கற்கள் வரிசையாக நின்றதே, அதிலிருந்து அங்கே இருந்த செவ்விந்தியப் பள்ளிக்கூடத்து டீமைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். 1912 சீசனை மட்டும் பத்துத் தடவை படித்திருப்பேன். 14 ஆட்டத்தில் 12 வெற்றி, ஒன்று டிரா, ஒன்று தோல்வி. தோற்றது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம், 34-26. நவம்பர் 9, வெஸ்ட் பாயிண்டில் ராணுவ அணியோடு ஆட்டம். எதிரணியில் பின்னாளில் ஜனாதிபதியான ஐசனோவர் ஆடியிருக்கிறார். கார்லைல் பையன்கள் உடம்பில் சின்னவர்கள். கோச் வார்னர் ஆட்களை வழக்கம்போல நெருக்கி நிறுத்தாமல் இரண்டு ஓரத்திலும் பிரித்து நிறுத்தினார். பந்து யார் கைக்குப் போகும், எந்தப் பக்கம் போகும் என்று ராணுவத்துக்குப் பிடிபடவே இல்லை. 27-6. முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், அந்த ஒரு ஆட்டத்தை நேரில் பார்க்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அந்த டீமின் ஜிம் தோர்ப் அதே கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியிருந்தார். முன்பு கொஞ்சம் காசு வாங்கி பேஸ்பால் ஆடினார் என்று மறுவருஷமே பறித்துக்கொண்டார்கள். திருப்பித் தரலாம் என்று முடிவானது 1982-இல். மனுஷன் 1953-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு, தம்பி. அது பழைய ராணுவ முகாமில் 1879-இல் தொடங்கிய பள்ளிக்கூடம். செவ்விந்தியப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கான மைல் ரயிலில் கொண்டுவந்து இறக்குவார்களாம். வந்ததும் முடியை வெட்டுவார்கள். கரும்பலகையில் எழுதியிருக்கிற இங்கிலீஷ் பேர்களில் ஒன்றைக் குச்சியால் தொட்டுக் காட்டினால் அதுதான் இனி அவன் பேர். வீட்டுப் பாஷை பேசினால் தண்டனை. அங்கே 180 பிள்ளைகளுக்கு மேல் புதைத்தார்கள். சில கல்லில் பேர்கூட இல்லை, நீயும் பார்த்தாய்.

என் மேஜை டிராயரில் விசிலோடு ஒரு கத்தரிக்கோலும் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். பிரேயரில் முடி நீண்ட பையனைப் பிடித்தால் அங்கேயே முன்னால் ஒரு வெட்டு. மிச்சத்தை அவனே போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டும். அவர்கள் செய்ததும் நான் செய்ததும் ஒன்றல்ல என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பையன் மறுநாளிலிருந்து மைதானத்துக்கே வரவில்லை. நல்ல ரெய்டர். அவன் முகம் இப்போதுதான் வருகிறது.

சின்னவன் சேரட்டும். 1912-இல் ஹெல்மெட்கூடக் கட்டாயமில்லை, இப்போது எல்லாம் இருக்கிறது. தலையில் அடிபட்டால் மட்டும் அன்றைக்கே உட்காரவை. அவன் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் நம்பாதே. டாக்டர் சொன்னபிறகு ஆடலாம்.

அப்புறம், நான் வந்து இறங்கிய மறுநாளே அவனை சலூனுக்கு இழுத்துப்போய் ஒட்ட வெட்டவைத்தேன். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். மறுபடி வளர்க்கிறானாமே, மருமகள் சொன்னாள். அவ்வளவும் ஹெல்மெட்டுக்குள் அடங்குமா, கோச்சிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா