தஞ்சையில் ஒரு பியானோ கச்சேரி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வரும் பிப்ரவரி மாதம் இரண்டாவது சனிக்கிழமை மாலை தஞ்சாவூரில் ஒரு பியானோ கச்சேரி நடத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வாசிக்கப் போகிறவர் நம் டெல்டாவில் பிறந்து, சென்னையில் பயின்ற 21 வயதுப் பெண். முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிய பிறகு பெயரை வெளியிடலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் இந்தக் கடிதத்தில் அவர் பெயர் இல்லை. கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். ஆகும் செலவுக்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம்.

தஞ்சாவூரில் எதற்குப் பியானோ என்று சிலர் கேட்கிறார்கள். இந்த ஊரில் கேட்கக்கூடாத கேள்வி அது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன் அரண்மனையிலேயே மேற்கத்திய வாத்தியக் குழு ஒன்றை வைத்திருந்தவர். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவும் அந்தக் காலத்தில் கையில் எடுத்த வயலின் இல்லாமல் இன்று எந்தக் கச்சேரி நடக்கிறது? மேற்கத்திய இசையையும் முறையாகக் கற்ற ஆபிரகாம் பண்டிதர், இந்த ஊரில் இருந்துகொண்டுதான் 1912 முதல் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை ஆய்வு நூலை அச்சிட்டார். வெளியூர் வாத்தியத்தைக் கண்டு இந்த மண் என்றைக்கும் முகம் சுளித்ததில்லை.

இந்தப் பெண்ணின் வாசிப்பை எங்கள் குழுவினர் சிலர் சென்னையில் ஒரு சிறிய அரங்கில் கேட்டோம். இசையமைப்பாளர் ஷோப்பனின் முதல் ‘பாலேடு’ (கதை சொல்வதுபோல் அமைந்த பியானோ படைப்பு) வாசித்து முடித்தபோது அரங்கம் கைதட்டவே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. ஆனால், இவரைத் தஞ்சாவூருக்கு அழைத்தே தீரவேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தது அதற்குப் பிறகுதான். கூட்டம் கலைந்ததும் ஒரு சிறுவன் பியானோ பக்கத்தில் போய் நின்றான். அவர் அவனைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து உள்ளே காட்டினார். வலது பெடலைக் காலால் அழுத்திக்கொண்டு, “உள்ளே பார்த்து ‘ஆ’ன்னு பாடு” என்றார். அவன் பாடி நிறுத்தினான். பியானோ அதே சுருதியில் மெதுவாகத் திருப்பிப் பாடியது. பெடலை அழுத்தினால் கம்பிகளை அடக்கி வைத்திருக்கும் கட்டைகள் மேலே எழும். அப்போது நம் குரலுக்குப் பொருந்தும் கம்பிகள் தாமாகவே அதிரும். அவர் இதை விளக்கிச் சொல்வதற்குள் பையன் மறுபடியும் பாட ஆரம்பித்துவிட்டான். ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்துக் களைத்திருந்தவர், அந்தப் பிள்ளையோடு பதினைந்து நிமிடம் நின்றுகொண்டிருந்தார்.

அதனால்தான் கச்சேரியோடு காலையில் ஒரு பயிலரங்கையும் சேர்த்திருக்கிறோம். நம் மாவட்டத்தில் கீபோர்டு கற்கும் பிள்ளைகள் நிறைய. கிரேடு தேர்வுகளும் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு கிராண்ட் பியானோவைத் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? அன்று காலை ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த ஒன்றை வாசிக்கலாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவார். திருவையாறு அரசு இசைக் கல்லூரி மாணவர்களையும் அழைக்க இருக்கிறோம்.

மாலை நிகழ்ச்சியில் முதலில் இசையமைப்பாளர் பாக்: அவருடைய 1722ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘வெல்-டெம்பர்டு கிளேவிய’ரின் முதல் பிரெலூடும் (முன்னிசை) ஃபியூகும் (ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்துத் தொடரும் வடிவம்). பிரெலூடு தொடங்கியதும் சங்கராபரண ராகம் என்று நம் காது சொல்லும். கொஞ்ச நேரத்தில் வேறு ஸ்வரங்கள் எட்டிப் பார்க்கும், அந்த இடத்தைக் கவனியுங்கள். அடுத்து பீத்தோவனின் ‘பத்தெத்தீக்’ சொனாட்டா, ஷூமன் 1838இல் எழுதிய குழந்தைப் பருவக் காட்சிகளிலிருந்து சில, பார்டோக்கின் ருமேனிய நாட்டுப்புற நடனங்கள் ஆறும், அப்புறம் ஷோப்பனின் அந்த ‘பாலேடு’. கடைசியாக முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரமான ‘சக்தி சஹித கணபதிம்’. சென்னைக் கோட்டையில் ஒலித்த பேண்டு இசையைக் கேட்டு அந்த மெட்டுகளுக்கு தீட்சிதர் சாகித்தியம் செய்தார் என்பார்கள். அதைப் பியானோவுக்கு இவரே அமைத்திருக்கிறார். பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம், கூடவே பாடுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.

சரி, செலவுக்கு வருவோம். மொத்தம் 2,50,000 ரூபாய். இதில் பெரிய தொகை பியானோவுக்குத்தான்: சென்னையிலிருந்து வாடகைக்கு எடுத்து, கொண்டுவந்து, திருப்பி அனுப்ப 1,10,000. கீபோர்டு வைத்து வாசித்தால் ஆகாதா என்று நல்லெண்ணத்தோடு கேட்டவர்கள் உண்டு. ஆகாது என்பதுதான் எங்கள் பதில். பியானோவில் விரல் அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப, கம்பளி சுற்றிய சுத்தியல் கம்பியில் விழுகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள், அவற்றின் மொத்த இழுவிசை 15 டன்னுக்கும் மேல். அதைத் தாங்க உள்ளே ஒரு வார்ப்பிரும்புச் சட்டம். அத்தனையும் சேர்ந்து அதிர்வதுதான் அந்த நாதம். ஸ்பீக்கர் வழியாக வரும் சத்தத்தில் அது கிடைக்காது. வருஷக்கணக்கில் உழைத்து விரலில் நுணுக்கம் சேர்த்த ஒருவரை அழைத்துவந்து, அந்த நுணுக்கம் கேட்காத ஒரு கருவியைக் கொடுப்பது நியாயமில்லை.

பியானோவைக் கால்களைக் கழற்றி, பக்கவாட்டில் சாய்த்து, கம்பளி சுற்றி லாரியில் ஏற்றுவார்கள். இங்கே வந்ததும் இந்த ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அதன் மரப்பலகை பழகவேண்டும்; அதுவரை சுருதி அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே வியாழக்கிழமையே வந்துவிடும். டியூனர் வெள்ளிக்கிழமை ஒருமுறை, கச்சேரியன்று மதியம் ஒருமுறை சுருதி சேர்ப்பார். அவருக்கு 18,000. மண்டபமும் அதனால் மூன்று நாளைக்குத் தேவை: மின்சாரம், ஜெனரேட்டர் உட்பட 25,000. பயணம், தங்குமிடம், சாப்பாடு 12,000. அழைப்பிதழ் அச்சுக்கு 5,000.

கலைஞரின் சன்மானம் 80,000. இதைப் பற்றியும் மனம்விட்டுச் சொல்லிவிடுகிறோம். இளம் பெண்தானே, மேடை கிடைத்தால் போதாதா, சன்மானத்தில் கொஞ்சம் பேசிப் பார்க்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. திருவையாறு ஆராதனையில் வித்வான்கள் காசு வாங்காமல் பாடுவது தியாகராஜருக்குச் செய்யும் அஞ்சலி. அது வேறு. இங்கே நாம் அழைக்கிறோம், அவர் வருகிறார். தினமும் ஐந்தாறு மணி நேரம் சாதகம் செய்கிற ஒருவர் இதையே தொழிலாக வைத்து வாழ வழி இருந்தால்தான், முப்பது வயதிலும் பியானோ முன் உட்கார்ந்திருப்பார். கேட்ட தொகையை ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுப்பது என்று குழு ஒருமனதாக முடிவு செய்துவிட்டது.

குழு உறுப்பினர்கள் போட்ட பணம் 92,000 கையிருப்பில் இருக்கிறது. 1,58,000 துண்டு விழுகிறது. நூறு ரூபாய் கொடுத்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். இத்துடன் இணைத்துள்ள படிவத்தில் குழுவின் வங்கிக் கணக்கு எண் உள்ளது. பணத்தை அந்தக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். எங்களில் யார் கையிலும் ரொக்கமாகத் தரவேண்டாம். எல்லாத் தொகைக்கும் ரசீது உண்டு. ஆனால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை இல்லை. கச்சேரி முடிந்த ஒரு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு முழுவதும் நன்கொடையாளர்களுக்கு வந்து சேரும். அவர்களின் பெயர்கள் நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் அகரவரிசையில், தொகை குறிப்பிடாமல் அச்சாகும். மேடையில் பொன்னாடை, வாழ்த்துரை எதுவும் இருக்காது. அந்த நேரமும் இசைக்கே.

பியானோ வாடகைக்கும் கலைஞருக்கும் டிசம்பர் 15க்குள் முன்பணம் கட்டவேண்டும். அதற்குள் பாதியாவது சேராவிட்டால் நிகழ்ச்சியைத் தள்ளிவைத்து, விரும்புகிறவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

பணமாகத் தர இயலாதவர்கள் வேறு விதத்தில் உதவலாம். டியூனர் மூன்று இரவு தங்க ஒரு அறை, சத்தமில்லாத ஜெனரேட்டர், பயிலரங்குப் பிள்ளைகள் அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு, இவற்றில் எதை ஏற்றுக்கொண்டாலும் அந்த அளவுக்குச் செலவு குறையும்.

பயிலரங்கில் வாசிக்க விரும்பும் பிள்ளைகளின் பெயர்களை ஜனவரி 20க்குள் குழுவினரிடம் கொடுத்துவிடுங்கள். நன்கொடை கொடுத்த வீட்டுப் பிள்ளை, கொடுக்காத வீட்டுப் பிள்ளை என்ற பேதம் கிடையாது.

இப்படிக்கு,
பியானோ கச்சேரி விழாக் குழுவினர்,
தஞ்சாவூர்