தடை மட்டும் போதாது, நாற்றும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பின் வீட்டுத் தோட்டப் பகுதியில், நம் மலைப் பூக்களை நம் வாசலிலும் வளர்க்கலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் செடியை எங்கே வாங்குவது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லாமல் ஆசையை மட்டும் கிளப்பிவிட்டால் கேடு மலைக்குத்தான்.

கட்டுரையில் படம் போட்டிருந்தது செலிப்பார் (செருப்பு) ஆர்க்கிட். தாவரவியலில் பாஃபியோபெடிலம் பார்பேட்டம். நம் பினாங்குக் கொடிமலையிலும், கெடாவின் குனோங் ஜெராயிலும், ஜொகூரின் குனோங் லேடாங்கிலும் தானாக வளர்வது. பாசி படிந்த கருங்கல் இடுக்கில், மக்கிய சருகில் வேர் விட்டு நிற்கும். இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கட்டம் கட்டமாக ஓடுவதால் பூக்காத நாளிலும் பார்க்க அழகு. தண்டுக்கு ஒரு பூ. மேலிதழ் வெள்ளை, அதில் ஊதாவும் பச்சையுமாகக் கோடுகள். பக்க இதழ்களின் விளிம்பில் சின்னச் சின்னக் கறுப்பு மருக்கள், அவற்றில் மயிர். முன்னால் தொங்கும் பைக்குள் தேன் கிடையாது. ஏமாந்து உள்ளே விழும் பூச்சி, பின்பக்கத்துச் சந்து வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேறும்போது மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அதே பூச்சி இன்னொரு பூவிலும் ஏமாந்தால்தான் காய் பிடிக்கும். அக்கம்பக்கத்துச் செடிகளைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் நிற்கும் செடி பூத்தும் பயனில்லை.

"ஒரு கொத்து எடுத்தால் என்ன, அடுத்த மழைக்கு முளைத்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். முளைக்காது. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் விதை இருக்கும், எல்லாம் தூசு போல. நெல்லிலும் பயற்றிலும் இருப்பதுபோல் விதைக்குள் சேமித்த உணவு இல்லை. ஏற்ற பூஞ்சை வந்து சேர்ந்தால்தான் முளையே வரும். முளைத்தது பூப்பதற்கும் வருடக்கணக்காகும்.

எங்கள் வட்டாரத்து ஞாயிற்றுச் சந்தை ஒன்றில் இந்தச் செடியைப் பழைய நாளிதழில் சுற்றி விற்பதைப் பார்த்திருக்கிறேன். தொட்டி இல்லை. வேர்கள் பாதியில் அறுந்திருந்தன, நுனியில் மலை மண்ணும் கல் துகளும். இலைகளில் பூச்சி கடித்த பழைய ஓட்டைகள். ஒன்று சாண் அகலம், அடுத்தது விரல் நீளம். கேட்டால் "வீட்டில் வளர்த்தது" என்கிறார். வீட்டில் வளர்த்த செடியின் வேர் தொட்டியின் வடிவத்துக்குச் சுருண்டிருக்கும், ஒரே தொகுதி நாற்றுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், பெயர்ச்சீட்டும் இருக்கும். இந்த மூன்றையும் பார்க்கத் தெரிந்தாலே பாதித் திருட்டு வியாபாரம் படுத்துவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பாஃபியோபெடிலம் பேரினம் முழுவதும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1990 முதல் இருக்கிறது. காட்டில் எடுத்த செடியை நாடு விட்டு நாடு விற்க முடியாது. அதற்கென்றே இங்கு 2008-இன் சட்டம் உண்டு. நிரந்தர வனப்பகுதியில் உரிமம் இல்லாமல் செடி எடுப்பது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். கொடிமலையும் சுற்றுக்காடும் 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமும் ஆயின. இத்தனைக்குப் பிறகும் சந்தையில் செடி கிடைக்கிறது என்றால், வேண்டும் என்கிறவருக்கு வேறு வழி காட்டாததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

பண்ணையில் வளர்க்கும் வழி ஒன்றும் புதிதல்ல. 1869-லேயே இங்கிலாந்தின் வீச் நர்சரி, இந்தப் பார்பேட்டத்தைத் தாயாதிச் செடி ஒன்றோடு சேர்த்து ஹாரிசியானம் என்ற கலப்பினத்தைப் பூக்க வைத்தது; செலிப்பார் ஆர்க்கிட்களில் முதல் கலப்பினம் அதுதான். (1884-இல் நம் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய சார்லஸ் கர்ட்டிஸ், அதற்குமுன் அதே வீச் நிறுவனத்துக்குச் செடி சேகரித்தவர். நம் காட்டுக்கும் அந்த வியாபாரத்துக்கும் அவ்வளவு பழைய உறவு!) இன்று சர்க்கரையும் சத்தும் கலந்த அகார் கூழில், கண்ணாடிக் குடுவைக்குள் விதையை முளைக்க வைக்கிறார்கள். பூஞ்சையே தேவையில்லை. ஒரு காய் போதும், நூற்றுக்கணக்கில் நாற்று. மலையில் ஒரு செடியையும் தொட வேண்டியதில்லை.

வாங்கியபின் வளர்ப்பதிலும் பொறுப்பு உண்டு. கொடிமலை உச்சி, அடிவாரத்து ஆயர் ஈத்தாமைவிட ஐந்து டிகிரியாவது குளிர்ச்சி. கீழே வளர்ப்பவர்கள் நேர் வெயில் படாத, காற்றோடும் இடத்தில் வைக்க வேண்டும். இதற்குத் தண்ணீரைத் தேக்கும் தடித்த தண்டு கிடையாது, அதனால் காயவும் விடக்கூடாது, வேர் ஊறவும் விடக்கூடாது. தோட்டத்து மண் ஆகாது. மரப்பட்டைத் துண்டும் கொஞ்சம் பாசியும் போதும். கொத்தைப் பிரிக்கும்போது கத்தியை நெருப்பில் காட்டுங்கள், ஆர்க்கிட் வைரஸ் கத்தி வழியாகப் பரவும். அதே காரணத்துக்காக, பெருகிய செடியை மலைக்கே திருப்பிக் கொடுக்கிறேன் என்று யாரும் கொண்டுபோய் நடக்கூடாது. அந்த வேலை தெரிந்தவர்களுடையது.

வெயில் வாசல் உள்ளவர்கள் இதற்கு ஆசைப்படவே வேண்டாம். மூங்கில் ஆர்க்கிட்டும் நம் மண்ணின் செடிதான், வெயிலில் வருடம் முழுக்கப் பூக்கும். பழைய மரம் இருந்தால் புறா ஆர்க்கிட்டைக் கட்டிவிடுங்கள். திடீர் மழை அடித்துக் குளிர்ந்த ஒன்பதாம் நாள் ஊரிலுள்ள செடியெல்லாம் ஒரே காலையில் வெள்ளையாகப் பூத்து மணக்கும். மாலைக்குள் வாடிவிடும் என்பதுதான் குறை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிற நம்மவர்கள், அதே சாலைக் கோடியிலுள்ள தாவரவியல் பூங்காவுக்குள் எத்தனை பேர் நுழைந்திருப்போம்? அங்கேயே குடுவை நாற்றுகளைச் சான்றிதழோடு மலிவாக விற்க மாநில அரசு ஏற்பாடு செய்தால், சந்தையில் நாளிதழில் சுற்றிய செடியை யார் வாங்கப் போகிறார்கள்?

அதுவரை உங்கள் கட்டுரையாளர், செடி விற்பவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்றாவது ஒரு பத்தி எழுதட்டும். நாற்றுப் பண்ணைகளின் பட்டியலை வெளியிட்டால் இன்னும் நல்லது. ஒவ்வொரு பண்ணையிடமும் தாய்ச்செடி எங்கிருந்து வந்தது என்று எழுதி வாங்கிய பிறகு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஆர்க்கிட் வளர்க்கும் வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு