கொடுவா வளர்ப்போர் கவனத்துக்கு: நோடா வைரஸ்

குளத்தில் தீனிக்காக விடும் ஜிலேபி, மடவைக் குஞ்சுகளே, கொடுவாக் குஞ்சுகளைக் கொல்லும் நோடா வைரஸைக் கொண்டு வரலாம். அவை நன்றாக நீந்தும், எந்த அறிகுறியும் காட்டாது. வளர்ந்த களவா மீனும் அறிகுறி இல்லாமல் வைரஸைச் சுமக்கலாம். குளத்து நீரின் உப்பைக் குறைத்துவிட்டால் வைரஸ் போய்விடும் என்பது தவறு, நன்னீரிலும் பரவும்.

வைரஸ் மூளையையும் விழித்திரையையும் தாக்குவதால் கொடுவாக் குஞ்சு கறுத்து, தீனி எடுக்காமல், திருகு போலச் சுழன்று நீந்தும். சில வயிறு உப்பி மல்லாந்து மிதக்கும். விடியற்காலையில் மட்டும் மேலே வந்து வாய் திறந்தால் அது ஆக்சிஜன் குறை. நண்பகலிலும் சுழன்றால் சந்தேகப்படுங்கள். ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொட்டாதீர்கள், வைரஸுக்கு வேலை செய்யாது.

தீனியாகப் போடும் கழிசல் மீனை (விலை போகாத சிறு மீன்) ஐஸில் வைத்தாலும் உறைய வைத்தாலும் வைரஸ் சாகாது. நன்றாகக் கொதிக்க வைத்துப் போடுங்கள். குருணைத் தீவனம் இன்னும் நல்லது.

கைவலை, வாளிகளை முதலில் சேறு போகக் கழுவுங்கள். சேறு குளோரினைத் தின்றுவிடும். பிறகு 100 லிட்டர் தண்ணீருக்கு 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 17 கிராம் (50 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின்) கலந்து, குறைந்தது 10 நிமிடம் ஊறவிட்டு வெயிலில் காயப்போடவும். வாய் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் இருக்காது.

குஞ்சு வாங்குமுன் ஆர்டி-பிசிஆர் (வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் ஆய்வகச் சோதனை) முடிவு கேளுங்கள். மாதிரிக்கு மூளையும் கண்ணும் வேண்டும், செவுள் போதாது. உங்கள் குளத்தில் சந்தேகம் வந்தால் சுழலும் குஞ்சுகளையே எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செத்ததைப் பக்கத்துக் குளத்திலோ வாய்க்காலிலோ வீசாமல் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவும்.