கேரம் போர்டு வளைவது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"கடையில் மரிய இருதயம் படத்தை மாட்டிவிட்டு மெல்லிசுப் பலகையைத் தலையில் கட்டுகிறார்கள்" என்று எங்கள் கேரம் போர்டு கடையைப் பற்றி இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. விலையேற்றம் பற்றி எழுத இருந்தோம். இதற்குப் பதில் சொல்லாமல் அதற்குப் போக மனம் வரவில்லை.

1991-லும் 1995-லும் கேரமில் உலகப் பட்டம் வென்று, 1996-ல் கேரமுக்கு அர்ஜுனா விருது வாங்கி வந்த சென்னைக்காரர் மரிய இருதயம். மன்றத்துக் குண்டு பல்பின் கீழே ஆடிய பிள்ளைகளை, "இதில் என்ன கிடைக்கும்?" என்ற கேள்விக்குத் தலை நிமிர்ந்து பதில் சொல்ல வைத்தவர். உங்களில் பலர் இன்றும் அந்தப் படத்தைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டுத்தான் போர்டைத் தொடுகிறீர்கள். அவரை வைத்து மட்டச் சரக்கு விற்றோம் என்பதுதான் வலிக்கிறது.

போட்டி போர்டுக்குக் குறைந்தது 8 மி.மீ. பிளைவுட் என்பது விதி. போட்டி போர்டை நாங்கள் 12 மி.மீ.க்குக் கீழே தருவதில்லை. வீட்டு உபயோகத்துக்கான 4 மி.மீ. போர்டும் உண்டு, அதை பில்லிலேயே எழுதுகிறோம். ஆனால் 12 மி.மீ.யும் வளையும். ஐப்பசி மழையில் ஈரச் சுவரில் சாய்த்து வைத்தால் சுவர்ப்பக்கம் ஈரம் குடித்து விரியும், மறுபக்கம் அப்படியே நிற்கும், பலகை வில்லாகிவிடும். மட்டமாகப் படுக்க வையுங்கள். வெயிலில் காய வைத்தால் ஒட்டிய பசை விட்டுவிடும்.

காய் ஒரு பக்கமே ஓடினால், ஸ்டாண்டை அசைக்காமல் போர்டை மட்டும் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். அறையின் அதே சுவர்ப்பக்கம் ஓடினால் கோளாறு ஸ்டாண்டில். போர்டின் அதே மூலைக்கு ஓடினால் பலகையில்.

மழைநாளில் பவுடர் கட்டி தட்டும். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஒரு சிட்டிகை புதிதாகத் தூவினால் போதும். ஈரத்துணி படவே கூடாது. காயை அடிக்கும் வட்டான 15 கிராம் ஸ்ட்ரைக்கரைப் பலமாக அடித்தால் போர்டில் மூன்றரை தடவையாவது போய்வர வேண்டும். வராவிட்டால் தயங்காமல் எடுத்து வாருங்கள், பார்த்துத் தருகிறோம்.

பிளைவுட், பிரேம் கட்டை இரண்டும் விலை ஏறிவிட்டதால் பெரிய போர்டுக்கு 450 ரூபாய் கூடுகிறது. பாலிஷ் போட்டவர் சொந்த ஊருக்கே போய்விட்டார். ஆர்டருக்கு 4 நாளுக்குப் பதில் 12 நாள் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய போர்டை எடுத்துக்கொள்வது இப்போதைக்கு இல்லை.

செய்தியைப் பார்த்ததும் நேரில் வந்து கேட்டவர்களுக்கும், வருடா வருடம் மன்றத்துக்கு இங்கேயே வாங்குபவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற நம் வடசென்னைப் பெண் காசிமாவின் படமும் இப்போது இருதயம் படத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பிள்ளைகளோடு வாருங்கள்.