டிசம்பரில் நிரம்பும் அலமாரி, ஜூனில் காலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ சபைகளின் சமூகப் பணி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, சபைகள் என்னென்ன கொடுக்கின்றன என்று விரிவாகச் சொன்னது. கொடுத்தது உரியவர் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதைத் தொடவில்லை. வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் எழுந்த முறுமுறுப்பே இதைப் பற்றியதுதான். எருசலேம் சபையில் பொருள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அன்றாட விசாரிப்பில், அதாவது அன்றாடம் உதவியைப் பங்கிட்டுக் கொடுப்பதில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அதற்காகவே ஏழு பேரைத் தெரிந்துகொண்டு பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

ஊரில் ஏற்கெனவே ஓர் உணவு வங்கியோ தங்கும் இல்லமோ நடக்கிறது என்றால், சபை தன் பெயரில் இன்னொன்றைத் தொடங்க வேண்டாம். அதை நடத்துபவர்களிடம் போய், 'எது குறைகிறது?' என்று கேட்பதே முதல் வேலை. 1833-இல் பாரிஸில் ஓசனாமும் உடன் படித்த மாணவர்களும் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சங்கத்தைத் தொடங்கியபோது, அங்கே ஏழைகளிடையே முன்பே பணியாற்றிவந்த அருட்சகோதரி ரோசலி ரெண்டுவிடம்தான் வழி கேட்டார்கள்.

ஏழைகளுக்குக் கொடுக்க சபை பொருள் சேர்த்துவைக்கும் உணவு அலமாரியில் அதிகம் தவறுவது காலக்கணக்கு. கிறிஸ்துமஸ் சமயத்தில் பெட்டி பெட்டியாக வந்து குவிகிறது. பிரிக்க ஆள் போதாது. புதிதாக வந்ததை முன்னால் அடுக்கிவிடுகிறார்கள், பழையது பின்னால் தள்ளப்பட்டு அங்கேயே காலாவதியாகிறது. ஜூனில் கேட்டு வருபவருக்குக் கொடுக்க ஒன்றும் இருப்பதில்லை. மாதத்துக்கு ஒரே பொருள் என்று சபையாரிடம் பிரித்துக் கேட்டால் வரத்து ஆண்டு முழுக்கச் சீராகும்: ஒரு மாதம் எண்ணெய், அடுத்த மாதம் பருப்பு, அதற்கடுத்து சோப்பும் குழந்தைகளுக்கான டயாப்பரும். வந்த அன்றே காலாவதி மாதத்தைப் பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி, முந்திக் காலாவதியாவதை முன்னால் வைக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், சுவரை ஒட்டாமல் ஒரு கை நுழையும் இடைவெளி. இல்லாவிட்டால் ஈரமும் எலியும் மூட்டையின் அடியிலிருந்து வேலையைத் தொடங்கிவிடும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. சோப்பை மாவுக்குப் பக்கத்தில் வைத்தால் மாவில் சோப்பு வாசனை ஏறிவிடும். உப்பிய டின், மடிப்போரம் நசுங்கிய டின் இரண்டையும் யோசிக்காமல் எறியுங்கள். காலாவதியான குழந்தைப் பால்மாவை ஒரு நாள்கூடத் தாண்டிக் கொடுக்கக் கூடாது.

சமைத்த உணவு வேறு கணக்கு. பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைக் கொடுக்கக் கூடாது, எவ்வளவு மீந்தாலும் சரி. வருபவரிடம் அடுப்பு இருக்கிறதா, சர்க்கரை நோய் உண்டா என்று கேட்ட பிறகு பையை நிரப்புங்கள். அடுப்பில்லாதவருக்கு அரிசி கொடுப்பது அவரை வெறுங்கையோடு அனுப்பிவைப்பதற்குச் சமம்.

பண உதவியில் போதகர் ஒருவரே முடிவெடுத்து ஒருவரே கையில் கொடுப்பது அவருக்கே ஆபத்து. எருசலேமுக்கான காணிக்கையை எடுத்துப்போகும்போது, யாரும் குறை சொல்ல இடம் வரக் கூடாதென்று அப்போஸ்தலன் பவுல் சபைகள் தெரிந்தெடுத்தவரையும் உடன் வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). மூன்று பேர் குழு, காசோலையில் இரண்டு கையெழுத்து, வாடகை என்றால் வீட்டுக்காரர் பெயருக்கு, மின்கட்டணம் என்றால் மின்வாரியத்துக்கு நேராக. இப்படிச் செய்தால் கணக்கும் நிற்கும், பணத்தை என்ன செய்தீர்கள் என்று அந்தக் குடும்பத்தைக் கேட்க வேண்டிய சங்கடமும் வராது.

வீடு சந்திக்கப் போகிறவர்கள் இருவராகப் போகட்டும். உதவி பெற்றவரின் பெயர் ஜெபக் குறிப்பில் வரக் கூடாது. பை வாங்கும் கையைப் படம் எடுக்கவே கூடாது, அந்தப் படம் பிள்ளையின் பள்ளிக்கூடம்வரை போய்விடும். ஆராதனைக்கு வந்தால்தான் உதவி என்ற நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டாலும், பேச்சில் தொனித்தால் வருபவருக்குப் புரிந்துவிடுகிறது. இதைத் தன்னார்வலர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிப் பழக்க வேண்டும்.

இன்னொன்று, சாவி. பல இடங்களில் அது ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் கதவு திறப்பதில்லை. பேருந்துக்குக் காசு கொடுத்து வந்தவர் பூட்டைப் பார்த்துத் திரும்பினால், அடுத்த வாரம் வரமாட்டார். மூன்று சாவி மூன்று பேரிடம் இருக்கட்டும். திறக்கும் நாளும் நேரமும் கதவில் எழுதியிருக்கட்டும்.

இப்படிக்கு,
உதவி ஊழியத் தன்னார்வலர்கள்