மூழ்கிய காரா என்று ஆர்.சி.யில் தெரிய வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஜெர்மன் கார் வாங்குவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒருவர் எழுதியிருந்தார். நான் பீளமேட்டிலிருந்து திருப்பூருக்குத் தினமும் 2013 மாடல் பிஎம்டபிள்யூ 520டி-யில் போய்வருகிறவள். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கம்பெனி கார் கொடுக்கிற பதவியெல்லாம் இல்லை. புதிதில் 40 லட்சத்தைத் தாண்டிய வண்டி, புது ஸ்விஃப்ட் வாங்குகிற பணத்துக்குள் கிடைத்தது. ஷிப்மென்ட் நாட்களில் ராத்திரி பதினொரு மணிக்கு மழையில் அவிநாசி ரோட்டில் தனியாக வரும்போது, அந்த வண்டியின் கனமும் பிரேக்கும் எனக்குப் பெரிய தைரியம்.

தீனிச் செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது எங்கே வரும் என்பது இந்த வண்டிகளைத் தொட்ட மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்து 520டி-யில் இருக்கும் என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயின், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி, பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அது தேய்ந்து சத்தம் போட ஆரம்பித்தால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் கை வைக்க முடியாது. அறுந்துவிட்டால் இன்ஜினே போச்சு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஆயுசுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனி சொல்லும். கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பிளாஸ்டிக் ஆயில் பேனோடு ஒட்டியே வருவதால் பேனையும் சேர்த்து மாற்ற வேண்டும். நான் வாங்கிய வண்டிக்கு இந்த இரண்டு வேலையும் செய்த பில்களை முதல் ஓனர் ஃபைல் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். பேரம் பேசவில்லை என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

ஆனால் எந்த ஃபைலிலும் வராத ஒன்று இருக்கிறது: தண்ணீர்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். இன்ஷூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் செய்து கட்டுப்படியாகாது என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஏலத்தில் விடும். எடுத்தவர் கழுவிக் காயவைத்து, பாலீஷ் போட்டு, வெளியூருக்கு அனுப்புவார். ஜெர்மன் காரில் சீட்டுக்கு, கதவுக்கு, டிக்கிக்கு என்று தனித்தனி கம்ப்யூட்டர் பெட்டிகள். 520டி-யும் சேர்ந்த 5 சீரிஸில் பேட்டரியே டிக்கியில்தான். கனெக்டருக்குள் களிம்பு ஏறி அது வேலையைக் காட்டுவது பல மாதம் கழித்து. அதற்குள் விற்றவர் போன் நம்பரை மாற்றியிருப்பார்.

என் வண்டிக்கு முன்பு சென்னையில் வேறொன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வெள்ளை நிறம், கண்ணாடியாக மின்னியது. கணபதியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பி கூட வந்திருந்தார். பானட்டைத் திறப்பார் என்று பார்த்தால், டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து, "கடைசி வரைக்கும் இழுங்கக்கா" என்றார். தினமும் வெளியே வருகிற நீளம் வரை பெல்ட் சுத்தம். அதற்கு மேல் உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் பழுப்புக் கறை. நகத்தால் சுரண்டினால் வண்டல் உதிர்ந்தது. கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி அடியிலிருந்த ஸ்பாஞ்சை அழுத்தினார். ஈரம் இல்லை, சேற்று வாடை மட்டும் வந்தது. சீட் போல்ட்டெல்லாம் துரு. புரோக்கர் அசரவில்லை: "ஏசி தண்ணி ஒழுகியிருக்கும் மேடம்."

ஆர்.சி. சுத்தமாக இருந்தது. அதுதான் என் புகார். மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று பார்த்துக்கொள்ளலாம். டோட்டல் லாஸ் ஆன வண்டியா என்று பார்க்க வழியில்லை. வண்டி அழிந்தாலோ, நிரந்தரமாக ஓட்ட முடியாமல் போனாலோ ஓனர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. ரிப்பேர் பார்த்து மறுபடி ரோட்டில் விட்டால், நிரந்தரமாகக் கெடவில்லையே என்று நழுவிவிடலாம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே சால்வேஜ் என்று முத்திரை விழும்.

இங்கே தகவல் இல்லாமல் இல்லை. கிளெய்ம் கொடுத்த கம்பெனியிடம் சேஸிஸ் நம்பரோடு கணக்கு இருக்கிறது. காப்பீட்டு விவரங்களைத் திரட்டுவதற்கென்றே 2009-இல் ஆரம்பித்த தகவல் பணியகமும் இருக்கிறது. டோட்டல் லாஸ் பணம் கைமாறும் அன்றே அந்த ஒரு வரி பரிவாகனில் ஏற வேண்டும். சென்னை வண்டி கோவைக்கும், டெல்லி டீசல் வண்டி என்.ஓ.சி. என்கிற தடையின்மைச் சான்றோடு தமிழ்நாட்டுக்கும் வந்துகொண்டிருக்கும்போது, தேசம் முழுக்க ஒரே பதிவில் இருந்தால்தான் பயன்.

மத்திய அரசு செய்கிற வரைக்கும் நம் போக்குவரத்துத் துறையாவது, பெயர் மாற்றத்துக்குக் கொடுக்கும் 29, 30 படிவங்களோடு, இந்த வண்டி டோட்டல் லாஸ் கிளெய்ம் வாங்கியதில்லை என்று விற்பவரிடம் எழுதி வாங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பீளமேடு, கோயம்புத்தூர்.