சுழற்சியிலிருந்து எடுப்பதும் திரும்ப நிரப்புவதும்

அன்புள்ள கயலுக்கு,

சிட்ரிக் அமிலச் சுழற்சி உணவை எரித்து ஆற்றல் தருவதற்காகவே இருக்கிறதென்றால், அதன் நடுவில் உருவாகும் சேர்மங்களைச் செல் ஏன் வெளியே எடுக்கிறது என்று கேட்டிருந்தாய். பாடநூல்கள் அதை வெளிவாசல் இல்லாத வட்டமாக வரைவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ஹான்ஸ் கிரெப்ஸ் ஷெஃபீல்டில் இச்சுழற்சியை விளக்கிய அதே 1937-இல்தான், நைட்ரஜன் கொண்ட அமினோ தொகுதி ஒரு மூலக்கூறிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதை மாஸ்கோவில் பிரவுன்ஷ்டைனும் கிரிட்ஸ்மானும் கண்டறிந்தார்கள். செல் அச்சேர்மங்களை எடுப்பது அமினோ அமிலங்களைச் செய்வதற்காகவும்தான் என்பதால் இரண்டையும் சேர்த்தே படி.

சுழற்சியின் நடுவில் உருவாகும் ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் அமோனியாவை ஏற்றுக் குளூட்டமேட் என்னும் அமினோ அமிலம் ஆகிறது; குளூட்டமின், புரோலின், ஆர்ஜினின் ஆகியவை அதன் வழி வருபவை. குளூட்டமேட் தன் அமினோ தொகுதியைச் சுழற்சியின் இன்னொரு சேர்மமான ஆக்சலோஅசிட்டேட்டுக்குக் கொடுக்கும்போது அஸ்பார்ட்டேட் என்னும் அமினோ அமிலம் உருவாகிறது. வைட்டமின் பி6-இன் துணையோடு இதைச் செய்யும் நொதியைத்தான் கல்லீரல் பரிசோதனை அறிக்கைகளில் எஸ்ஜிஓடி என்று பார்க்கிறோம்.

நீ கவனமாக நின்று யோசிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. உணவு சிதைந்து உருவாகும் அசிட்டைல் கோஎன்சைம் ஏ வழியாக இரண்டு கார்பன்கள் சுழற்சிக்குள் வருகின்றன. ஒரு முழுச் சுற்றில் இரண்டு கார்பன்கள் கார்பன் டைஆக்சைடாக வெளியேறிவிடுகின்றன. ஆகவே எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஆக்சலோஅசிட்டேட்டின் அளவு கூடுவதில்லை. அந்நிலையில் அமினோ அமிலத்துக்காக ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டை எடுத்துக்கொண்டே போவது ஊற்றில்லாத கிணற்றில் இறைப்பதற்குச் சமம். நம் செல்களில் பைருவேட் கார்பாக்சிலேஸ் என்னும் நொதி, பயோட்டின் என்னும் வைட்டமினின் உதவியுடன், குளுக்கோஸ் சிதைவில் கிடைக்கும் பைருவேட்டோடு ஒரு கார்பனைச் சேர்த்துப் புதிய ஆக்சலோஅசிட்டேட்டை உண்டாக்கி இந்த இழப்பை ஈடுகட்டுகிறது. அசிட்டைல் கோஎன்சைம் ஏ குவியும்போது அதுவே இந்நொதியை முடுக்கிவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் ஒழுங்கு.

குளுக்கோசும் அம்மோனியம் உப்பும் வேறு சில தாது உப்புகளும் இருந்தால் ஈ. கோலை பாக்டீரியா 20 அமினோ அமிலங்களையும் தானே செய்துகொள்ளும். தாவரங்களும் அப்படியே, அஸ்பார்ட்டேட்டிலிருந்து லைசின், திரியோனின், மெத்தியோனின் மூன்றையும் அவை உருவாக்கும் பாதைகள் நம்மிடம் இல்லாததால், அவற்றை நாம் உணவிலிருந்தே பெற வேண்டியிருக்கிறது. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது மிகுதி. ஆகவே விடுதியில் பருப்பை ஒதுக்காமல் சாப்பிடு.

லைசின் போதுமான அளவு சேர்ந்ததும், அந்தப் பாதையின் முதல் நொதியான அஸ்பார்ட்டோகைனேஸை அதுவே அடக்குகிறது. திரியோனினுக்கும் அதே நொதி தேவைப்படும்போது ஈ. கோலை என்ன செய்கிறது என்பதைப் படித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா